மணியின் கண் களிம்பு: மூன்று வருட அனுபவம்

நண்பர் ஒருவரின் பக் நாய்க்கு, கண்ணீர் சரியாகச் சுரக்காமல் கண் வறண்டுபோவதற்கு, சைக்ளோஸ்போரின் களிம்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். "கேக்குமா?" என்று கேட்டார். எங்கள் மணிக்கு, காக்கர் ஸ்பேனியல், மூன்று வருடமாக இதே 0.2% களிம்புதான். கேட்கும். ஆனால் அந்த டியூபைக் கையில் எடுத்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

மொத்தமே 3.5 கிராம். ஒரு தடவைக்குக் கால் அங்குலம். மெதுவாக அழுத்தினால் ஒன்றும் வராது; கொஞ்சம் கூட அழுத்தினால் ஒரு அங்குலம் வந்து விழும். அதற்குள் மணி இமையை மூடிவிட்டால் பாதி முடியில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குள் எவ்வளவு போனது என்றே தெரியாது. தினம் இரண்டு வேளை, ஆயுளுக்கும் போட வேண்டிய மருந்தை இப்படியா அடைத்துக் கொடுப்பது?

இப்போது டியூபைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொள்கிறேன், இளகிவிடும். முதலில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பீளையைத் துடைத்து, செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. பத்து நிமிடம் கழித்துத்தான் களிம்பு.

அதைவிடக் கோபம், இந்த மருந்துக்கு வந்து சேரவே நான்கு மாதம் ஆனதில். கயிறு போல இழுபடும் பச்சைப் பீளையைப் பார்த்து 'இன்ஃபெக்‌ஷன்' என்று சொட்டு மருந்தாக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வேறொரு டாக்டர்தான் கீழிமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஒரு நிமிடம் பார்த்தார். 15 மில்லிமீட்டராவது நனைய வேண்டியது 4-இல் நின்றது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியை அழிக்கிறது, களிம்பு அதைத்தான் அடக்கும் என்றார்.

ஐந்து வாரம் ஒரு மாற்றமும் இல்லை. ஆறாவது வாரம் ஒரு காலையில் மணி நிமிர்ந்து பார்த்தபோது, தூசி படிந்த கோலிக்குண்டு மாதிரி இருந்த அந்தக் கண்ணில் ஜன்னல் தெரிந்தது. கம்பி உட்பட. அடுத்த சோதனையில் 13.

சரியாகிவிட்டதே என்று ஒருமுறை பத்து நாள் நிறுத்தினேன். பீளை திரும்பி வந்துவிட்டது. அது என் தப்பு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

இன்று காலையும் பாதி களிம்பு காது முடியில். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் கொடுப்பேன். அடுத்த டியூப் வாங்கி வைத்தாகிவிட்டது.