மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார்: எதற்கு உதவும், எங்கே கைவிடும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 திறந்துவைத்த தீர்வு வழிகளில் செலவே இல்லாத ஒன்று ஆணையர் அலுவலகம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, மின்னஞ்சலில்கூடப் புகார் அனுப்பலாம். எதிர்த்தரப்பை எழுத்தில் பதில் சொல்ல வைப்பதில் இது நல்ல சேவை. முடிவை அமல்படுத்தித் தருவதில் சுமார்தான். இந்த வித்தியாசம் புரியாமல் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

முதல் சறுக்கல் முகவரியில். ரயில்வே, பொதுத்துறை வங்கி, மத்திய அரசுத் தேர்வு என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையர். மாநில அரசுப் பள்ளி, அரசுப் பேருந்து, மின்வாரியம், ஊராட்சி என்றால் மாநில ஆணையர். மாற்றி அனுப்பினால் மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போவதற்குள்ளேயே காலம் கரைந்துவிடும்.

மனுவில் என்ன இருக்க வேண்டும் என்பதை 2017 மத்திய விதிகளின் 38ஆம் விதி சொல்கிறது: உங்கள் பெயர், முகவரி, எதிர்த்தரப்பின் பெயர், முகவரி, என்ன நடந்தது, எப்போது, எங்கே, ஆதார ஆவணங்கள், கோரும் பரிகாரம். கடைசியில் உள்ளதில்தான் பெரும்பாலான மனுக்கள் கோட்டை விடுகின்றன. மூன்று பக்கம் மனக்குறையை எழுதிவிட்டு, 'தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று முடித்தால், 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்ற ஒற்றை வரிப் பதிலோடு கோப்பு மூடப்படும். அதைவிட, 'சக்கர நாற்காலி பயன்படுத்தும் எனக்கு, பிரிவு 20(2)இன்படி பணியிடத்தை இரண்டாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றித் தர வேண்டும்' என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். ஆம், இல்லை என்று மட்டுமே பதில் சொல்லக்கூடிய கோரிக்கையில் நழுவ இடம் இருக்காது.

புகார் ஏற்கப்பட்டதும் நகல் எதிர்த்தரப்புக்குப் போகும். பதில் தர 30 நாள், நீட்டித்தால் மேலும் 15 நாள். எதிர்த்தரப்புக்கு அறிவிக்கை கிடைத்ததிலிருந்து கூடியவரை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. 'கூடியவரை' என்ற சொல்லுக்குள் எத்தனை வாய்தாவும் அடங்கும் என்பது வேறு விஷயம். விசாரணை நாளில் நீங்கள் வராமல் போனால் புகாரையே தள்ளுபடி செய்ய முடியும். எனவே சைகை மொழிபெயர்ப்பாளர், காணொளி விசாரணை போன்ற தேவைகளை முதல் மனுவிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள். பிரிவு 12 இதற்குத் துணை நிற்கும்.

ஆணையரின் பலம் என்ன? சாட்சிகளை அழைக்கவும், ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் உண்டு. வெறும் மனுவுக்கு அசையாத கோப்பு இந்தச் சம்மனுக்கு அசையும். பலவீனம், கடைசியில் அவர் தருவது பரிந்துரை. பிரிவு 76, 81 இரண்டும் சொல்வது இதுதான்: பரிந்துரை கிடைத்த அதிகாரி மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும், ஏற்க மறுத்தால் காரணத்தை ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும். அந்த மறுப்புக் கடிதம் கைக்கு வந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும்போது அதுதான் உங்கள் முதல் ஆவணம்.

அடுத்த வாரம் தேர்வு, நாளை மறுநாள் பணியிட மாறுதல் போன்ற அவசரங்களுக்கு இந்தக் கதவைத் தட்டிப் பயனில்லை. இடைக்காலத் தடை விதிக்கும் அதிகாரம் ஆணையருக்கு இல்லை என்று பழைய 1995 சட்டத்தின் கீழேயே உச்ச நீதிமன்றம் 2010இல் சொல்லிவிட்டது. நேரே உயர் நீதிமன்றம்தான்.

செலவுக்கு எங்கே போவது என்றால், 1987 சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் பிரிவு 12 மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தருகிறது. வக்கீல், நீதிமன்றக் கட்டணம், மனு தயாரிப்பு எல்லாம் அதில் அடக்கம். உதவி எண் 15100. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரிலும் விண்ணப்பிக்கலாம். 'வருமானச் சான்று கொண்டு வாருங்கள்' என்று யாராவது திருப்பி அனுப்பினால், இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

அரசு அலுவலகத்தில் வேலை சம்பந்தமான குறை என்றால் ஆணையருக்கு முன்பே ஒரு படி இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 2016 சட்டத்தின் பிரிவு 23இன்படி ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், புகார்ப் பதிவேடு இருக்க வேண்டும், பதிவான இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாவிட்டால் இரண்டு வாரக் கணக்கே தொடங்காது. திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம்.

'சான்றிதழில் குறைபாடு 40 சதவீதம் இல்லை, உங்களுக்கு எதுவும் பொருந்தாது' என்று எங்கே போனாலும் சொல்வார்கள். தவறு. வேலை இட ஒதுக்கீட்டின் 4 சதவீதம், உயர்கல்வியின் 5 சதவீதம் போன்றவற்றுக்குத்தான் அந்த 40. பாகுபாடு காட்டக்கூடாது என்ற பிரிவு 3க்கு அந்த வரம்பு இல்லை. தேர்வில் விடை எழுதித் தர உதவியாளர் கேட்ட வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

பொதுவில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது, தாக்குவது, ஊன்றுகோல், சக்கர நாற்காலி போன்ற உதவிக் கருவியைப் பயன்படுத்த விடாமல் செய்வது எல்லாம் பிரிவு 92இன் கீழ் குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம். இவற்றுக்கு ஆணையருக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மனு ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.