"நீரே எழுதிக்கொண்டு வாரும்": கொமன் அப் மாற்று விண்ணப்பம் பற்றி

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டே, அமெரிக்கக் கல்லூரிகள் நான்குக்கு மாற்று மாணவியாக, அதாவது படிப்பின் நடுவில் வேறு கல்லூரிக்கு மாறுகிறவராக, விண்ணப்பித்தேன். நான்கும் கொமன் அப் ஊடாகத்தான். பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கிற இணையத்தளம் அது. ஏஎல் முடித்த கையோடு வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு வழி சொல்ல எங்கள் ஊரில் அண்ணாமார், அக்காமார் நிறையப் பேர் இருக்கிறார்கள். கம்பஸ் பாதியில் மாறுகிறவர்களுக்கு ஆள் இல்லை. ஏஎல் முடிவில் வருகிற இசட் புள்ளியைப் பார்த்து ஒரு இடம் தந்தால் பட்டம் எடுக்கும்வரை அங்கேதான் என்று பழகிவிட்டோம். எனக்குப் பின்னால் வருகிற ஒருவருக்காவது உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு முகவரிடம் போனேன். பெயர் வேண்டாம். 75,000 ரூபாய் கேட்டார்கள், அது பரவாயில்லை. விரிவுரையாளர்மார் எழுத வேண்டிய பரிந்துரைக் கடிதங்களைப் பற்றிச் சொன்னதுதான் பிடிக்கவில்லை. "லெட்டர் மூண்டையும் நாங்களே எழுதுவம். சேர்மாரின்ர பேரில ஜிமெயில் ஒண்டு திறந்தாச் சரி" என்றார் மேசைக்கு அங்காலிருந்த அண்ணா. அப்போதே எழும்பி வந்துவிட்டேன். படிப்பித்தவரின் பெயரைத் திருடி, அவர் சொல்லாத புகழை அவர் வாயில் வைப்பது அது. பிடிபட்டால் கிடைத்த அனுமதியையும் கல்லூரி திருப்பி எடுக்கலாம். பிடிபடாவிட்டாலும் அந்தக் கடிதத்தோடு அங்கே போய் நான் எப்படிப் படிப்பது?

கொழும்பில் புல்பிரைட் ஆணைக்குழுவில் அமெரிக்காவில் படிப்பது பற்றி வழிகாட்டும் எடியுகேசன் யூஎஸ்ஏ ஆலோசனை நிலையம் இருக்கிறது. என்னிடம் காசு வாங்கவில்லை. ஸூமில் கதைத்து, பிறகு நானே கணக்குத் திறந்தேன்.

திறக்கும்போதே கவனம். முதல் வருட மாணவரா, மாற்று மாணவரா என்று கேட்கும். இரண்டும் வேறு வேறு விண்ணப்பங்கள். கொமன் அப்புக்கு என்று கட்டணம் கிடையாது, கல்லூரிகள்தான் தனித்தனியாக வாங்குகின்றன. என் நான்கில் இரண்டுக்குக் கட்டணமே இல்லை. மற்ற இரண்டிலும் விலக்குக் கேட்டேன், கிடைத்தது.

எங்களுக்குக் கஷ்டம் தரக்கூடியது படிவங்கள்தான். கல்லூரி அறிக்கை என்று ஒன்று: இப்போது படிக்கும் இடத்தில் நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள், ஒழுக்க நடவடிக்கை ஏதும் இல்லை என்று அலுவலர் ஒருவர் நிரப்பித் தர வேண்டும். இடைப்பருவ அறிக்கை என்று இன்னொன்று: நடந்துகொண்டிருக்கும் பாடங்களில் இன்றுவரை என்ன புள்ளி என்று கேட்கும். எங்களுக்குப் பரீட்சை கடைசியில், முடிவு வர மாதங்கள் ஆகும். நான் இன்கோர்ஸ் (பாடம் நடக்கும்போதே வைக்கிற பரீட்சை) புள்ளிகளை எழுதுவித்து, எங்கள் முறை இப்படித்தான் என்று ஒரு பந்தி விளக்கமும் சேர்த்தேன். ஒரு கல்லூரியும் திருப்பிக் கேட்கவில்லை. ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் இப்போதே எடுத்து வையுங்கள். எந்தப் பாடத்துக்குக் கிரெடிட் தருவது, அதாவது இங்கே படித்ததை அங்கே கணக்கில் எடுப்பது, என்று முடிவெடுக்கும்போது அதைத்தான் பார்ப்பார்கள். ஸ்கான் எல்லாம் பரமேஸ்வராச் சந்திக் கடையில்தான். அந்த அண்ணா ஒவ்வொரு பக்கத்தையும் நிமிர்த்தி வைத்து, "தங்கச்சி, சீல் வடிவாத் தெரியுதோ பாரும்" என்று காட்டிவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார்.

இனி பரிந்துரைக் கடிதம். கொமன் அப்பில் நான் முழு மனதோடு பாராட்டுகிற பகுதி இதுதான். விரிவுரையாளரின் பெயரையும் மின்னஞ்சலையும் நீங்கள் போடுகிறீர்கள். அவருக்கு இணைப்பு ஒன்று போகும். அவர் கடிதத்தை நேரே அங்கே ஏற்றுவார், உங்கள் கைக்கு அது வராது. அழைப்பு அனுப்ப முன்னர், கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. 1974ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று மாணவருக்குக் கொடுத்த உரிமை அது. விட்டுக்கொடுத்தேன். நான் பார்க்க மாட்டேன் என்று தெரிந்தால்தானே அவரும் மனதில் உள்ளதை எழுதுவார், வாசிக்கிறவரும் நம்புவார். மாற்று மாணவருக்குப் பள்ளிக்கூட ரீச்சரின் கடிதத்தைவிடக் கம்பஸில் படிப்பித்தவரின் கடிதம்தான் பெறுமதி.

எனக்கு முதல் வருடம் கணிதம் படிப்பித்த சேர் இப்போது ஓய்வு பெற்று வட்டுக்கோட்டையில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சயிக்கிளில் போனேன். யாழ்ப்பாணக் கல்லூரி மதிலைத் தாண்டும்போது, 1823இல் அமெரிக்க மிஷனரிமார் செமினரி தொடங்கிய ஊருக்குத்தானே அமெரிக்காவுக்குக் கடிதம் கேட்டுப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைவே ஒரு தெம்பாக இருந்தது.

சேர் கேட்டு முடித்ததும் சொன்னார்: "நீரே எழுதிக்கொண்டு வாரும் பிள்ளை, நான் ஒப்பம் வைச்சுத் தாறன்."

அவரில் பிழை இல்லை. இங்கே வேலைக்கும் புலமைப்பரிசிலுக்கும் காலங்காலமாக இப்படித்தான் நடக்கிறது. "இல்லை சேர், இது நான் பார்க்கக்கூடாத கடிதம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கொண்டுபோன ஒற்றைத் தாளைக் கொடுத்தேன். அதில் புகழ்ச்சி ஒன்றும் இல்லை. எந்தப் பாடம், எந்த வருடம், என்ன புள்ளி, எதற்காக மாறப் பார்க்கிறேன், கடைசித் திகதி எது என்பது மட்டும். அதோடு ஒரு வரி: அட்சரகணித இன்கோர்ஸில் 38 எடுத்த அடுத்த நாள், பிழைவிட்ட ஐந்து கணக்கையும் திரும்பச் செய்துகொண்டு அவருடைய அறை வாசலில் நின்றேன் என்பது.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கிட்டப் பிடித்து வாசித்தார். "அந்தப் பிழைக் கணக்கோட வந்த பிள்ளை நீர்தானோ?"

நீங்கள் போகும்போதும் இப்படி ஒரு தாள் கொண்டுபோங்கள். கடிதத்தை எழுதிக் கொண்டுபோகாதீர்கள், ஞாபகத்தைக் கொண்டுபோங்கள். இரண்டு மாதம் முன்னதாகவே போங்கள். மார்ச் முதலாம் திகதியோடு மூடுகிற கல்லூரிகள் உண்டு. அழைப்பு அனுப்பிவிட்டு அப்படியே விடவும் வேண்டாம். நான் திரும்பப் போனபோது, சேருக்கு அனுப்பிய இணைப்பு வாசிக்காத நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்களுக்குக் கீழே கிடந்தது. போனில் தேடி எடுத்துக் கொடுத்தேன். இணைப்பைத் திறந்ததும் அவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார். போனவர் திரும்பி என்னைப் பார்த்து, "நீர் பார்க்கக்கூடாது எல்லோ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

விறாந்தையில் பிளேன்ரீயும் பனங்கட்டியும் வந்தன. உள்ளே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. நடுவில் நீண்ட நேரம் நிற்கும், பிறகு திரும்பத் தொடங்கும். முற்றத்தில் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. முக்கால் மணித்தியாலம் இருந்திருப்பேன். போனில் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன். சேரின் பெயருக்கு நேரே கடிதம் வந்து சேர்ந்துவிட்டது என்று காட்டியது. கதவு இன்னும் திறக்கவில்லை.