லைற் தானாக எரிகிறது, சரி. யார் போட்டது?

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் நான் பராமரிப்பைக் கவனிக்கிற கடைத்தொகுதியில் கீழே கடைகள், முதலாம் மாடியில் அலுவலகங்கள், அதற்கு மேலே ஒரு தனியார் கல்வி நிலையம். நடைபாதை, படிக்கட்டு, வாகனத் தரிப்பிடம், வெளிப் பெயர்ப்பலகை எல்லா லைற்றையும் ஒரு பாக்நெட் கொன்ட்ரோலர்தான் நேரம் பார்த்துப் போட்டு அணைக்கிறது. பாக்நெட் என்பது கட்டடக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்கிற ஒரு பொது முறை. நடைபாதைகள் டாலி வரிசையில், அதாவது விளக்குகளைத் தனித்தனியாகக் கட்டுப்படுத்துகிற கம்பித் தொடரில், இருக்கின்றன. ஒரு வரிசைக்கு 64 முகவரி, 16 குழு. எங்கள் அளவுக்குத் தாராளம். மின்பட்டியல் குறையும் என்று வாங்கினோம், குறைந்தது. ஆனால் இன்றைக்கு யாராவது அதைக் கழற்ற வந்தால் நான் மறிப்பது அதன் நிகழ்வுப் பதிவுக்காகத்தான்: எந்த லைற்றை, எத்தனை மணிக்கு, எது போட்டது அல்லது அணைத்தது என்று அது எழுதி வைக்கும்.

அட்டவணையில் "மாலை 6 மணிக்குப் போடு" என்று எழுதினால் சரிவராது. இங்கே நவம்பரில் 5:45 அளவிலேயே பொழுதுபட்டுவிடும், ஜூலையில் 6:35 ஆகும். அதனால் சூரியன் மறையும் நேரத்தைத் தானே கணக்கிடுகிற வசதியைப் பாவிக்கிறோம். அதற்கு அகலாங்கு 9.67 வடக்கு, நெட்டாங்கு 80.01 கிழக்கு என்று நாம் கொடுக்க வேண்டும். பெட்டி பிரித்தபோது அது ஏதோ ஒரு ஐரோப்பிய நகரத்தில் இருந்தது. கோடைகால நேர மாற்றமும் போட்டபடியே வந்தது. அதை நிறுத்தாவிட்டால் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே ஓடி, இரவு 10க்கு அணைய வேண்டிய பெயர்ப்பலகை 9க்கே அணைந்துவிடும். ஒக்ரோபர் கடைசி ஞாயிறுவரை இந்தக் கூத்துத்தான். நேர வலயத்தையும் ஒருக்கா பாருங்கள். நாம் 2006 ஏப்ரலில் +5:30க்குத் திரும்பியது தெரியாமல், கொழும்பை இன்னும் +6இல் வைத்திருக்கிற பழைய மென்பொருட்கள் உண்டு.

மாரிகாலம் வேறு கதை. மழை இருட்டில் நாலு மணிக்கே படிக்கட்டில் கால் வைக்க முடியாது. கணக்குக்கு முகில் தெரியாது. ஆகவே ஒளி உணரி ஒன்றும் வேண்டும். பத்து நிமிடம் தொடர்ந்து இருட்டாக இருந்தால் மட்டும் போடு என்று தாமதமும் கொடுக்க வேண்டும்.

விடுமுறைகளுக்குக் கையால்தான் வேலை. போயா (பௌர்ணமி விடுமுறை) ஒவ்வொரு மாதமும் நகரும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கடைகள் பிந்தித்தான் பூட்டும்; அந்தத் திகதிகளும் வருடத்துக்கு வருடம் மாறும். வருடத் தொடக்கத்தில் கலண்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதிகிறேன். சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரம் வாக்கியத்தில் ஒன்று, திருக்கணிதத்தில் ஒன்று. நல்லவேளை, கொன்ட்ரோலருக்குத் திகதி மட்டும் போதும்.

இனிப் பதிவுக்கு வருகிறேன். பொது மின்பட்டியலைக் கடைக்காரர்களும் கல்வி நிலையமும் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். ஒரு மாதம் அது ஏறியதும், இரண்டாம் மாடி நடைபாதை விடிய விடிய எரிகிறது, வகுப்புக்காரர்தான் காரணம் என்று கீழே சத்தம். பதிவை எடுத்துப் பார்த்தேன். 21:00, மாடி 2 நடைபாதை, அணைப்பு, அட்டவணை. 21:12, அதே நடைபாதை, எரிவு, சுவர் சுவிச். 06:25, அணைப்பு, சுவர் சுவிச். அநேகமாக எல்லா இரவும் இதே மூன்று வரி. வகுப்பு எட்டு மணிக்கே முடிந்துவிடும். ஒன்பதுக்குப் பிறகு மேலே ஏறிக் கதவுகளைப் பார்ப்பவர் காவலாளி அண்ணை மட்டும்தான். கேட்டேன். "இருட்டுக்குள்ள ஏறி விழுந்தா ஆர் பாக்கிறது தம்பி?" என்றார். நியாயம்தானே.

சுவிச் ஏன் அட்டவணையை வென்றது என்றால், பாக்நெட்டில் ஒரு வெளியீட்டுக்கு (இங்கே ஒரு லைற் சுற்று) 16 முன்னுரிமைப் படிகள் இருக்கின்றன, 1தான் எல்லாவற்றுக்கும் மேல். மனிதர் கையால் கொடுக்கிற கட்டளைக்கு 8ஆம் படி. அட்டவணையை வழமையாக அதற்குக் கீழே வைப்பார்கள். 8ஐ விடுவிக்கும்வரை அட்டவணை என்ன சொன்னாலும் எடுபடாது. இப்போது அந்தச் சுவிச்சை அமத்தினால் இருபது நிமிடம் எரிந்துவிட்டு, தானே 8ஐ விடுவிக்கிறது. அண்ணைக்கும் வெளிச்சம், பட்டியலும் இறங்கியது. இதைப் பொருத்த வந்தவர்களே செய்திருக்கலாம். அவர்கள் அட்டவணையைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பதிவை அப்படியே வேதவாக்காக எடுக்கவும் கூடாது. அதில் இருப்பது கட்டளை. லைற் உண்மையில் எரிந்ததா என்பது வேறு விடயம். வாகனத் தரிப்பிடத்தின் எல்ஈடி விளக்குகள் போட்ட கணத்தில் பலமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதில் கொன்டாக்டரின் (கட்டளைப்படி சுற்றைப் போட்டு அணைக்கிற பெரிய மின்சுவிச்) தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. பதிவில் அணைப்பு, தரிப்பிடத்தில் பட்டப்பகலிலும் வெளிச்சம். அதன்பிறகு அங்கே ஒரு மின்னோட்ட உணரி போட்டு, அதன் நிலையையும் பதிவில் சேர்த்தோம். கட்டளையும் உணரியும் ஒத்துப்போகாவிட்டால் இப்போது எச்சரிக்கை வருகிறது.

இன்னொன்று இடம். பதிவு நிரம்பினால் பழைய வரிகளை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியவை எழுதப்படும். தொடக்கத்தில் ஒளி உணரியின் ஒவ்வொரு சிறு அசைவும் பதிவாகி, தேவையான வரிகளைத் தள்ளிவிட்டது. இப்போது வெளிச்சம் கணிசமாக மாறினால் மட்டும் பதிகிறோம். மாத முடிவில் சிஎஸ்வி கோப்பாக (எக்செலில் திறக்கக்கூடிய அட்டவணைக் கோப்பு) இறக்கி வைக்கிறேன். எழுத்துக் குறியாக்கத்தை யூரிஎஃப்-8 என்று தெரிவு செய்யாவிட்டால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

மின்தடைதான் பெரிய சோதனை. 2022இல் பல மணித்தியாலங்கள் மின்சாரம் இல்லாமல் இருந்த காலத்தில், உள்ளே இருக்கும் சின்ன மின்கலம் செத்த கொன்ட்ரோலர் ஒன்று எழும்பும்போது 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 என்று பதியத் தொடங்கியது. இணையத்திலிருந்து நேரம் எடுக்கும்தான், ஆனால் ரவுட்டர் அதைவிடப் பிந்தித்தான் எழும்பும். மின்கலத்தை மாற்றி, ரவுட்டருக்கும் கொன்ட்ரோலருக்கும் சேர்த்து ஒரு சிறிய யூபிஎஸ் வைத்தோம். ஜெனரேற்றர் எடுத்தவுடன் எல்லாச் சுற்றும் ஒன்றாக எழும்பாமல், சில வினாடி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக எரியவும் விட்டிருக்கிறோம்.

வாங்கப் போகிறவர்கள் நிர்வாகக் கடவுச்சொல்லையும் நிரலின் பிரதியையும் கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன்னரே கையில் வாங்கிவிடுங்கள். எங்களுக்குக் கிடைத்தது பார்வையாளர் கணக்கு மட்டும். ஒரு போயாத் திகதியை மாற்றவும் கொழும்புக்குப் போன் எடுத்துக் காத்திருந்த காலம் இருந்தது.