டோக்கன் செய்யச் சொல்லித்தர ஆன்லைன் கோர்ஸ்: முதல் பாதி சூப்பர், மின்ட் பாடம் சொதப்பல்

எத்தீரியம் பிளாக்செயின்ல ஓடுற புரோகிராம், அதாவது ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதி, சொந்தமா டோக்கன் (டிஜிட்டல் காசு மாதிரி) உருவாக்குறது எப்படின்னு ஒரு அறிமுக கோர்ஸ், ரெண்டு வாரமா உக்காந்து முடிச்சேன். பேரு வேணாம், ஏன்னா திட்டவும் போறேன்.

முதல்ல நல்லத சொல்லிடறேன். எடுத்த எடுப்புல ஓபன்செப்பலின்ங்கற ரெடிமேட் கோட் லைப்ரரிய இம்போர்ட் பண்ணி நாலு வரில டோக்கன் ரெடின்னு காட்டாம, ரீமிக்ஸ்ங்கற பிரவுசர் எடிட்டர்ல வெறும் ஃபைலத் திறந்து கையாலயே எழுத வைக்கிறாரு வாத்தியாரு. அதுவரைக்கும் டோக்கன்னா ஏதோ ஒரு பொருள் வந்து வாலட்டுக்குள்ள உக்காந்துக்கும்னுதான் நெனச்சிட்டிருந்தேன். அப்படியெல்லாம் ஒண்ணுமே இல்ல. கான்ட்ராக்ட்டுக்குள்ள மேப்பிங்னு ஒரு கணக்கு நோட்டு, இந்தப் பக்கம் அட்ரஸ் அந்தப் பக்கம் ஒரு நம்பர், டிரான்ஸ்ஃபர்னா ஒரு வரில கழிச்சு இன்னொரு வரில கூட்டுறது, அவ்ளோதான். மெட்டாமாஸ்க்ங்கற வாலட் அந்த நோட்டைப் படிச்சு காட்டுது, அதான் கான்ட்ராக்ட் அட்ரஸக் குடுத்தாத்தான் நம்ம டோக்கன் அதுல தெரியுது. இது புரிஞ்சப்புறம் 2015ல வந்த இஆர்சி-20 ஸ்டாண்டர்டப் (டோக்கன் கான்ட்ராக்ட்டுக்கான பொது விதி) பாத்தா பயமே இல்ல, கட்டாயமா வேண்டிய ஃபங்ஷன் ஆறு, ஈவென்ட் ரெண்டு, அதுல பாதிய நாமளே ஏற்கனவே எழுதியிருப்போம்.

டெசிமல்ஸ் பாடமும் நல்லா இருந்துச்சு. கான்ட்ராக்ட் எழுதுற மொழியான சொலிடிட்டில புள்ளி வச்ச நம்பர் கிடையாது, அதனால ஒரு டோக்கன்னா வழக்கமா ஒண்ணுக்குப் பின்னாடி 18 சைபர். நான் அவசரக்குடுக்கை, வீடியோவ ஓட்டிவிட்டு வெறும் 1000னு மின்ட் பண்ணிட்டேன் (மின்ட்னா புது டோக்கன் அடிக்கிறது), வாலட்ல 0ன்னு காட்டுது, அரை மணி நேரம் மண்டைய பிச்சிக்கிட்டேன்.

இப்ப குறைக்கு வரேன். ஈஸியா இருக்கட்டும்னு மின்ட் ஃபங்ஷன பப்ளிக்னு மட்டும் போட்டு விட்டுட்டாரு, யாரு கூப்பிடலாம்ங்கற செக்கே இல்ல. நானும் அப்படியே டைப் பண்ணி செபோலியா டெஸ்ட்நெட்ல (நெஜ காசு இல்லாத சோதனை நெட்வொர்க்) ஏத்தி, கான்ட்ராக்ட்ட வெரிஃபையும் பண்ணி (கோட எல்லாரும் பாக்கற மாதிரி வெளியிட்டு), பெருமையா ஃப்ரெண்டுக்கு லிங்க் அனுப்பினேன். அவன் எக்ஸ்ப்ளோரர் (கான்ட்ராக்ட்ட பாக்குற வெப்சைட்) பக்கத்துலயே வாலட்ட கனெக்ட் பண்ணி, மின்ட்ல அவன் அட்ரஸப் போட்டு, 18 சைபரையும் மறக்காம சேத்து ஒரு கோடி டோக்கன அடிச்சுக்கிட்டான். "டேய் நான் கோடீஸ்வரன்டா"ன்னு ஸ்க்ரீன்ஷாட் வேற. என்கிட்ட இருந்தது ஆயிரம்!

சரி பண்ணலாம்னா, ஏத்தின கோட மாத்த முடியாது, புதுசா இன்னொரு அட்ரஸ்லதான் ஏத்தணும். ஓனர் மட்டும்தான் கூப்பிடலாம்ங்கற ஒன்லிஓனர் செக் போடலாம்னு கோர்ஸ்ல கடைசில வர்ற, ஓபன்செப்பலினோட ஓனபிள் கோட காப்பி பண்ணா கம்பைலே ஆகல. வீடியோ எடுத்தது ஓபன்செப்பலின் பழைய வெர்ஷன்ல, ஆனா இம்போர்ட் வரில வெர்ஷன் நம்பர் இல்லாததால ரீமிக்ஸ் புதுச இழுத்துட்டு வருது. வெர்ஷன் 5லேர்ந்து ஓனர் யாருன்னு கன்ஸ்ட்ரக்டர்லயே நாமதான் சொல்லணும், ஓனபிள்க்குப் பக்கத்துல அடைப்புக்குறில எம்எஸ்ஜி டாட் சென்டர்னு (ஏத்துறவரோட அட்ரஸ்) போட்டா முடிஞ்சுது. ஒரு வரி விஷயம், அப்டேட் பண்ணியிருக்கலாம்ல. டெஸ்ட்நெட்டும் வீடியோல கோர்லி, அத மூடியே நாளாச்சு. செபோலியாவுக்கு மாறிக்கோங்க, ஆனா டெஸ்ட் ஈதர் (சோதனைக்கான காசு) தர்ற சில ஃபாசட் வெப்சைட்டுங்க மெயின்நெட்ல (நெஜ நெட்வொர்க்ல) கொஞ்சம் பேலன்ஸ் இருந்தாத்தான் தரும், அதுக்கும் தேடி அலையணும்.

எனக்கு நெஜமா கோவம் வந்தது வேற எடத்துல. ஒன்லிஓனர் போட்டாச்சு, சேஃப்னு சொல்லி முடிச்சுட்டாரு. யாருக்கு சேஃப்? ஓனருக்கு. அவரு நெனச்சா நாளைக்கே இன்னும் பத்து மடங்கு மின்ட் பண்ணலாம், வாங்கினவன் கையில இருக்கறதுக்கு என்ன மதிப்பு? மேக்ஸிமம் இவ்ளோதான்னு கேப் வைக்கலாம், இல்ல எல்லாத்தையும் ஆரம்பத்துலயே மின்ட் பண்ணிட்டு மின்ட் ஃபங்ஷனே வைக்காம விடலாம், இதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அப்ரூவ் பாடமும் அப்படித்தான், வேகமா ஓட்டிட்டுப் போறாரு. அப்ரூவ்னா நம்ம டோக்கன்லேர்ந்து இவ்ளோ வரைக்கும் நீ எடுத்துக்கலாம்னு இன்னொரு அட்ரஸுக்கு எழுதிக்குடுக்கறது, அன்லிமிடெட்னு குடுத்துட்டு மொத்தத்தையும் பறிகொடுத்தவங்க எத்தனையோ பேரு. லோகோ டிசைனுக்கு ஒரு முழு பாடம் இருக்கு, இதுக்கு இல்ல.

புரோகிராமிங் கொஞ்சம் தெரிஞ்சவங்க முதல் பாதிக்காக தாராளமா எடுக்கலாம். மின்ட் பாடத்துலேர்ந்து டோக்கன் கோட எழுதித் தர்ற ஓபன்செப்பலினோட விஸார்ட் பக்கத்த பக்கத்துலயே திறந்து வச்சு, அது தர்ற கோடோட வரிக்கு வரி ஒப்பிட்டுக்கிட்டே போங்க. அஞ்சுக்கு மூணு ஸ்டார்.

பழைய கான்ட்ராக்ட் இன்னும் செபோலியாவுலதான் கெடக்கு, அழிக்க வழியில்ல. அதுல என் பேர வச்ச டோக்கனுக்கு இன்னிக்கும் பெரிய முதலாளி அந்த ஃப்ரெண்டுதான்.