சிபிலை சரிபண்ணி லோனும் வாங்கித் தருவார்களாம், உஷார்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சிபில் என்பது, வாங்கின கடனை நாம் எப்படிக் கட்டினோம் என்று ரிப்போர்ட் வைத்து மார்க் போடும் கம்பெனி. கடன் கேட்டுப் போனால் பேங்கில் அந்த மார்க்கைத்தான் பார்ப்பார்கள். "சிபில் கம்மியா? க்ளீன் செய்து லோன் வாங்கித் தரப்படும்" என்று கரண்ட் கம்பத்திலும் பஸ் ஸ்டாப் சுவரிலும் நோட்டீஸ் ஒட்டி ஆள் பிடிக்கும் கூட்டம் ஒன்று இங்கே சுற்றுகிறது. என்னிடம் கறந்தது 31,200 ரூபாய். ஆள் பெயரை இங்கே போடவில்லை. புகார் போலீசில் இருக்கிறது, அதுவும் இல்லாமல் இவர்கள் தெருவுக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்கிறவர்கள். ஏமாற்றுகிற விதம் மட்டும் ஒன்றுதான், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சத்துவாச்சாரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். 2020 லாக்டவுனில் வீட்டுக்காரருக்கு ஷூ கம்பெனி வேலை போனது, என் பேரில் எடுத்த வண்டி லோனுக்கு டியூ கட்ட முடியவில்லை. பிறகு பைனான்ஸ்காரர்களே கூப்பிட்டு, ஒரு தொகையைக் கட்டினால் முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். கட்டினோம். அப்படிப் பேசி முடித்தால் சிபில் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று ஏறும், முழுசாகக் கட்டினால்தான் 'க்ளோஸ்டு' என்று வரும் என்பதை அன்றைக்கு அவர்களில் ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஓவர்லாக் மெஷின் வாங்க பேங்குக்குப் போனபோதுதான் தெரிந்தது. சிபில் ஸ்கோர் 300லிருந்து 900 வரை. என்னுடையது 600ஐக்கூடத் தொடவில்லை. அதோடு, மகளிர் குழுவில் வாங்கிக் கடைசி ரூபாய் வரை கட்டி முடித்த கடன் ஒன்றும் பாக்கி என்றே நின்றுகொண்டிருந்தது.

நோட்டீசில் இருந்த நம்பருக்குப் பேசினதும் ஒரு பையன் கடைக்கே வந்துவிட்டான். இன் பண்ணின சட்டை, கழுத்தில் ஐடி கார்டு. "அக்கா, இதெல்லாம் ஒரு மேட்டரே இல்லக்கா. உள்ள நம்ம ஆளுங்க கீறாங்க, 750 ஆக்கிக் குடுத்துர்றேன்" என்றான். ஆதார், பான், போனுக்கு வந்த ஓடிபி, 4,500 ரூபாய். சில நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. வண்டி லோனுக்கு எதிரே 'தகராறில் உள்ளது' என்று இங்கிலீஷில் ஒரு வரி. "பாத்தீங்களாக்கா, கை வெச்சிட்டோம், இனி தன்னால அழிஞ்சிடும்."

இதுதான் அவர்கள் வித்தையிலேயே பெரிய வித்தை. ரிப்போர்ட்டில் இருப்பது தப்பு என்று யார் வேண்டுமானாலும் சிபில் வெப்சைட்டில் புகார் போடலாம், பைசா செலவில்லை. விசாரணை முடிகிறவரை அந்தக் குறிப்பு அங்கே நிற்கும். கடன் கொடுத்தவர் "நாங்கள் கொடுத்த விவரம் சரிதான்" என்று சொல்லிவிட்டால் குறிப்பு போய்விடும், பழைய பதிவு அப்படியே இருக்கும். ஓசியில் கிடைக்கிற ஒரு ஃபாரத்தை நிரப்பினதற்குத்தான் 4,500. உண்மையாக நடந்த கடனை அழிக்க உள்ளே எந்த ஆளும் கிடையாது.

அடுத்து லோன். சிறு தொழிலுக்கான அரசுக் கடன் திட்டமான முத்ராவில் மூன்று லட்சத்துக்கு சாங்ஷன் லெட்டர் வந்தது. சிங்க முத்திரை, ரப்பர் ஸ்டாம்ப், கீழே ஊதா மையில் ஒரு கிறுக்கல். எண்ணில் 3,00,000, பக்கத்திலேயே எழுத்தில் ஐந்து லட்சம். கேட்டதற்கு "டைப்பிங் மிஸ்டேக்குக்கா, சிஸ்டத்துல கரெக்டா கீது" என்றான். அக்ரிமெண்ட் சார்ஜ் 6,800, அப்புறம் இன்சூரன்ஸ் 9,500, அப்புறம் டிடிஎஸ் வரி என்று 10,400. ஜிபேயில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் பெயர் வந்தது. அதற்கும் மேலே 'ஹோல்டிங் சார்ஜ்' கேட்டபோது, ஒன்றும் வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடு என்றேன். அதுவரை அக்கா அக்கா என்றிருந்தவன் "மேடம்" ஆகிவிட்டான். சாங்ஷன் ஆன லோனைக் கேன்சல் செய்தால் கேஸ் வருமாம், சிபிலில் ஏறுமாம். வாங்காத கடனுக்குக் கேஸ்!

முத்ரா திட்டம் 2015 ஏப்ரலில் வந்தது. முத்ரா நிறுவனம் நேராக நமக்குக் கடன் தருவதே இல்லை, பேங்குகளுக்கும் பைனான்ஸ் கம்பெனிகளுக்கும் பின்னால் நின்று நிதி கொடுக்கிறது, ஏஜென்ட் என்று யாரையும் வைக்கவில்லை. கடன் வேண்டுமென்றால் பேங்க் வாசலைத்தான் மிதிக்க வேண்டும். பேங்கும் பிராசசிங் ஃபீஸ் வாங்கும், இல்லை என்று சொல்லவில்லை. அது பேங்கின் கணக்குக்குப் போகும், ரசீது வரும். முன்பின் தெரியாத ஒருத்தருடைய ஜிபேக்குப் போகாது.

அன்று சாயந்திரமே சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930க்குப் போன் செய்தேன். கடைசியாக அனுப்பின 10,400 மட்டும் அந்தப் பக்கத்துக் கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, மற்றதை முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள். வெளியே சொன்னால் சிரிப்பார்களே என்று சும்மா இருப்பதுதான் இவர்களுக்குப் பெரிய வசதி. டெபாசிட் மோசடியில் இத்தனை பேர் பணத்தை விட்ட ஊர் இது, இங்கே யாரும் யாரைப் பார்த்தும் சிரிக்க முடியாது.

பிறகு ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் இன்னொரு கூத்து. என் பானையும் ஓடிபியையும் வைத்து, நான் கேள்விப்பட்டே இராத கம்பெனிகளில் லோன் கேட்டிருக்கிறான். 'என்கொயரி' பகுதியில் வரிசையாக நிற்கிறது. கொஞ்ச நாளுக்குள் அப்படிக் கேட்டாலே ஸ்கோர் இறங்கும். சரிபண்ண வந்தவன் இருந்ததையும் கெடுத்துவிட்டுப் போனான்.

வண்டி லோன் விஷயத்தில் நடந்த சரியான காரியம் இதுதான்: பைனான்ஸ் கிளைக்கே நேரில் போய், தள்ளுபடி செய்த மிச்சத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, கட்டி, பாக்கி இல்லை என்கிற என்ஓசி வாங்கினோம். 'செட்டில்டு' என்பதை 'க்ளோஸ்டு' ஆக்கச் சொல்லி மனுவும் கொடுத்தோம். நகைச்சீட்டுப் பணம் அதற்குப் போனது, வலிக்கத்தான் செய்தது. குழுக் கடனுக்கு, கட்டி முடித்த பாஸ்புக்கைக் காட்டி நானே ஆன்லைனில் புகார் போட்டேன், எடுத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட புகாரை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நமக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. இந்த ரிப்போர்ட்டைத் தருவது சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நாலு கம்பெனிகள். ஒவ்வொன்றிலும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். ஸ்கோர் ஒரே வாரத்தில் எகிறாது. இப்போதுதான் மெதுவாக ஏறுகிறது.

ஏற்கெனவே பணம் போட்டுவிட்டவர்கள் 1930க்குக் கூப்பிடும்போது பணம் போன தேதி, நேரம், தொகை, ஜிபேயில் ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் இருக்கும் யுடிஆர் நம்பர், எந்தக் கணக்கிலிருந்து போனது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வரிசையாகக் கேட்பார்கள். வாட்ஸ்அப் சாட்டைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். அந்தப் பையன் அனுப்பின லெட்டரை நான் கலரில் பிரிண்ட் எடுத்துத்தான் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். எஸ்ஐ கண்ணில் முதலில் பட்டதும் அந்த ஐந்து லட்சம்தான்.