இலத்தீனுக்கு முதல் நூல் எது? வாய்பாடு, பழைய புராணக்கதை, புதிய குறுநாவல்: ஓர் ஒப்பீடு

வேலூர் சத்துவாச்சாரியில் மாலை நேரங்களில் நான் நடத்தும் சிறிய இலத்தீன் வகுப்புக்கு இரண்டு வகை மாணவர்கள் வருகிறார்கள். கத்தோலிக்கக் குருமடத்தில் சேர எண்ணியிருப்பவர்கள் ஒரு வகை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 249ஆம் விதியில், குரு மாணவர்கள் இலத்தீனை நன்றாக அறிந்திருக்க வேண்டும் என்று சொல்வதால் அவர்களுக்கு இது தேவைப்படுகிறது. உடற்கூறியல் பெயர்களைப் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்து களைத்துப்போன மருத்துவ, செவிலிய மாணவர்கள் இன்னொரு வகை. இரு சாராரும் தமிழில் சிந்திப்பவர்கள். ஆனால் கைக்குக் கிடைக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் சிந்திப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றில் எதை முதலில் வைப்பது என்ற கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து ஒரு விடை சொல்ல விரும்புகிறேன்.

முதல் வழி வாய்பாட்டு வழி. 1956இல் வெளிவந்த ஃபிரெடரிக் வீலாக்கின் நாற்பது அதிகாரப் பாடநூல் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. பெயர்ச்சொல் அட்டவணை, வினைச்சொல் அட்டவணை, பிறகு மொழிபெயர்க்கத் தனித்தனி வாக்கியங்கள் என்று அது நகர்கிறது. திண்ணைப் பள்ளியில் நிகண்டும் நன்னூலும் பாராமல் ஒப்பித்த மரபில் வந்த நமக்கு இம்முறை அந்நியமானதன்று. நினைவாற்றலை நம்பும் எந்த முறையையும் நான் இழிவாகக் கருதவில்லை. எனினும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வாக்கியங்களையே மாதக்கணக்கில் படிக்கும் மாணவன் ஒவ்வொரு சொல்லையும் பூட்டாகவும் அட்டவணையைச் சாவிக்கொத்தாகவும் பார்க்கத் தொடங்கிவிடுகிறான். ஒரு பக்கத்தை நிற்காமல் வாசிக்கும் பழக்கம் அவனுக்கு வருவதே இல்லை.

அட்டவணைக்குச் செலவாகும் உழைப்பில் பெரும்பகுதி தமிழ் மாணவனுக்குத் தேவையற்றது என்பதே இதில் நான் முக்கியமாகக் கருதுவது. ஆங்கிலம் மட்டும் அறிந்த பிள்ளைக்கு வேற்றுமை உருபு என்பதே புதுச் செய்தி. எட்டு வேற்றுமைகளைப் பள்ளியிலேயே படித்த நம் பிள்ளைக்கு இலத்தீனின் ஆறு வேற்றுமைகளும் பழகிய தெருவாகவே தோன்றும். 'புவெல்லா ரோஸம் அமாத்' என்பதைச் 'சிறுமி ரோஜாவை நேசிக்கிறாள்' என்று சொல்லுக்குச் சொல் வைத்துக் காட்டினால், இறுதியில் நிற்கும் வினை, அதன் விகுதியிலேயே தெரியும் எழுவாய், பெயருக்கு முன் ஆங்கிலத்தின் 'தி' போன்ற சொல் தேவைப்படாமை என எல்லாமே இரண்டு மொழிகளிலும் ஒத்து நிற்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்கிறார்கள். ஆங்கில நூல்கள் பெரும் முட்டுக்கட்டையாக விவரிக்கும் ஒரு தொடரமைப்பும் நமக்கு எளிதே: 'ஸோலே ஓர்த்தோ' என்பது 'கதிரவன் உதிக்க' என்ற நம் வினையெச்சத்துக்கு மிக அருகில் நிற்கிறது.

உண்மையான இடர் வேறிடத்தில் இருக்கிறது. தமிழில் பெயரடை மாறுவதில்லை. 'நல்ல பெட்டி', 'நல்ல பெட்டியை', 'நல்ல பெட்டியில்' என்று அது அசையாமல் நிற்கும். இலத்தீனில் பெயரோடு பெயரடையும் சேர்ந்து திரிகிறது. அதற்கு மேல், உயிரற்ற பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. மேசை பெண்பால் என்றால் அஃறிணையை அறிந்த நம் பிள்ளை திகைத்துத்தான் போவாள். வயிற்றின் நடுவே ஓடும் வெண்கோட்டை 'லீனியா ஆல்பா' என்று படித்த செவிலிய மாணவி, இரண்டு சொற்களும் ஏன் ஒரே ஒலியில் முடிகின்றன என்று என்னிடம் கேட்டபோது, அட்டவணையைக் காட்டி விளக்கினேன். மறுவாரம் அவர் அதை மறந்திருந்தார். இத்தகைய இயைபு பலமுறை கண்ணில் பட்டுக் காதில் விழுந்தால்தான் படியும். கதை தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

டென்மார்க்கின் ஹான்ஸ் ஓர்பெர்க் 1955இல் முதன்முதலாக வெளியிட்ட, முழுவதும் இலத்தீனிலேயே அமைந்த பாடநூலை இங்கே சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். அதன் முதற்பகுதி 35 அதிகாரங்களில் ஓர் உரோமைக் குடும்பத்தின் கதையைச் சொல்கிறது. இடையில் ஆங்கிலம் இல்லாதது நமக்குப் பெரும் நன்மை. ஆனால் தீசியஸும் மினோத்தாரும் வரும் கிரேக்கப் புராணப் பகுதிக்கு 25ஆம் அதிகாரம் வரை காத்திருக்க வேண்டும். வாரம் இரண்டு வகுப்பு நடக்கும் இடத்தில் அது நெடுங்காத்திருப்பு.

புராணக்கதையிலேயே தொடங்கும் பழைய நூல்களில் ஒன்று ஃபிரான்சிஸ் ரிச்சி 1884இல் வெளியிட்ட 'ஃபாபுலே ஃபாகிலெஸ்', அதாவது 'எளிய கதைகள்'. பெர்சியஸ், ஹெர்குலிஸ், ஆர்கோ கப்பலின் வீரர்கள், யுலிஸஸ் என நான்கு கதைகள் நூறு சிறு பகுதிகளில் உள்ளன. முதற்கதை எளிய வாக்கியங்களில் தொடங்க, போகப்போகத் தொடர்கள் நீண்டு சிக்கலாகி, மாணவனைச் சீசரின் உரைநடைக்கு ஆயத்தம் செய்கின்றன. பேரனுக்கு அஞ்சிய அக்ரிசியஸ் மன்னன், குழந்தை பெர்சியஸைத் தாயோடு மரப்பெட்டியில் அடைத்துவிடுகிறான். அடுத்து வரும் வாக்கியம் இது: 'தும் ஆர்க்கம் இப்ஸம் இன் மாரே கொன்யேகித்.' தமிழில், 'பின்பு அந்தப் பெட்டியையே கடலில் எறிந்தான்.' ஆங்கிலத்தில் பெயர்க்க இந்தச் சொற்களைக் கலைத்து அடுக்க வேண்டும். தமிழில் ஏறக்குறைய அவை நிற்கும் இடத்திலேயே நிற்கலாம்.

கதையும் நம் பிள்ளைகளுக்கு அந்நியமன்று. புரிசை போன்ற ஊர்களால் பெயர்பெற்ற பழைய வட ஆற்காட்டுத் தெருக்கூத்தில் கர்ண மோட்சத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு, தாய் குந்தியால் பெட்டியில் வைத்து ஆற்றில் விடப்பட்ட குழந்தையைத் தெரியும். வைகாசி முதல் நாளில் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வருவதைக் கண்டவர்களுக்கு, வெட்டுண்ட தலைக்குள் இருக்கும் ஆற்றல் புதிய கற்பனையன்று. பார்த்தவரைக் கல்லாக்கும், பெர்சியஸ் வெட்டியெடுக்கும் மெதூசாவின் தலையை அவர்கள் வியப்போடு வாசிக்கிறார்கள், குழப்பத்தோடு அன்று. கதையின் போக்கை ஊகிக்க முடிந்தவன் தெரியாத சொல்லையும் ஊகிப்பான். ரிச்சியின் குறை அதன் அடர்த்தி. ஒரு சொல் ஓரிரு முறை வந்து மறைந்துவிடுகிறது. எளிய கதை என்ற பெயரை நம்பி முதல் மாதமே கையில் கொடுத்தால், மாணவன் மீண்டும் அகராதிக்குள் புகுந்துகொள்கிறான்.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தவைதான் கடந்த பத்தாண்டுகளில் அமெரிக்க ஆசிரியர்கள் எழுதிக் குவித்துவரும் இலத்தீன் குறுநாவல்கள். தெரிந்த சொற்கள் நூற்றுக்கு 98 இருந்தால்தான் ஒருவர் பிறர் துணையின்றிக் கதையைப் புரிந்து வாசிக்க முடியும் என்று, சொற்கற்றல் ஆய்வாளர் பால் நேஷன் பங்கேற்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில வாசிப்பாய்வு ஒன்று காட்டியது. குறுநாவலின் கணக்கு அதையொட்டியது: நூறு அல்லது இருநூறு வேர்ச்சொற்களைக் கொண்டே சில ஆயிரம் சொல் நீளமுள்ள கதையைச் சொல்வது, சொல்லை மட்டும் குறைத்து இலக்கணத்தைக் குறைக்காமல் விடுவது. 'ஆர்க்கா லிக்னேயா' என்ற மரப்பெட்டி இருபது இடங்களில் வெவ்வேறு வேற்றுமைகளில் வந்துபோனால், பெயரடை இயைபு தானாகவே காதில் தங்கிவிடும். நம் மாணவருக்கு மிகக் கடினமானதை மிக மென்மையாகக் கற்பிப்பது இந்த வடிவமே என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அந்நூல்களை அப்படியே இறக்குமதி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலப் பிள்ளைக்கு உதவுவதற்காகப் பல ஆசிரியர்கள் வினையை வாக்கியத்தின் நடுவே கொண்டுவந்துவிடுகிறார்கள். ஆங்கிலச் சொல்லை ஒத்திருக்கும் இலத்தீன் சொற்களையே தேடி எடுக்கிறார்கள். இலத்தீனோடு இயல்பாக ஒத்துப்போகும் தமிழ்க் காதுக்கு, அந்தச் சலுகை ஒரு தடையாக மாறுகிறது.

கற்பவருக்காகக் கதை எழுதுவது இந்த மண்ணில் ஏற்கெனவே நடந்ததுதான். இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர் பிற மறைப்பணியாளர்களுக்காகத் தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். பரமார்த்த குரு கதையைப் பேச்சுத் தமிழ் பயில்வோருக்காக இலத்தீன் பெயர்ப்போடு எழுதிவைத்தார். அவர் சென்ற வழியில் எதிர்த்திசையில் நடப்பதுதான் இப்போது நம் வேலை.

ஆகவே என் வகுப்பில் முதல் மூன்று மாதங்களுக்குக் குறுநாவல் வடிவம், வினை இறுதியில் நிற்கும் வாக்கியங்களோடு. அட்டவணை, வாசித்த பிறகு, தமிழ் வேற்றுமைப் பெயர்களோடு. அதன்பின் ரிச்சியின் பெர்சியஸ். உடற்கூறியல் சொற்களுக்காக மட்டும் வருபவர்கள் ரிச்சி வரை போக வேண்டியதில்லை. 'ரெக்டஸ் அப்டாமினிஸ்' என்ற வயிற்றுத் தசையின் பெயரில் இரண்டாம் சொல் 'வயிற்றின்' என்னும் ஆறாம் வேற்றுமை என்று அறிய முதல் கட்டமே போதும். அந்த முதல் கட்டத்துக்காக 120 வேர்ச்சொற்களுக்குள் கர்ணன் கதையை எழுதத் தொடங்கியிருக்கிறேன். பெட்டி இப்போது ஆற்றில் மிதந்துகொண்டிருக்கிறது, 'ஆர்க்கா இன் ஃப்ளூமினே நாத்தாத்' என்ற வாக்கியம் வரை வந்திருக்கிறேன்.