பழைய கேரவனில் லித்தியம் பேட்டரி: அசையாத முள்ளின் கதை

2025 செப்டம்பர் 22 முதல் ஈய அமில பேட்டரிகளுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்து லித்தியத்துக்குச் சமமாகிவிட்டது. என்னைப் போலவே பழைய கேரவன் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு) ஒன்றைக் கட்டிக்கொண்டு அழும் பாலக்காட்டு நண்பர், இனி ஈயமா லித்தியமா, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறார். கம்பம் ஊரில் நிறுத்திவைத்து, ஜீப்பில் மாட்டி, குமுளி மலைப்பாதை ஏறி வண்டிப்பெரியாறு, வாகமண் என்று இழுத்துச் செல்லும் என் கேரவனில் முன்பு 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) ட்யூபுலர் வகை ஈய பேட்டரி இருந்தது. சில ஆண்டுகளாக 100 ஏஎச் லித்தியம் இரும்பு பாஸ்பேட் இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ட்யூபுலர் 50 கிலோவுக்கு மேல், லித்தியம் ஏறத்தாழ 12 கிலோ. பேட்டரிப் பெட்டி இழுவைக் கம்பியின் மீதே இருப்பதால், குமுளியின் கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வேறுபாடு ஜீப்பின் பின்புறத்தில் உடனே தெரிகிறது. ஈயத்தைப் பாதிக்கு மேல் வடித்தால் ஆயுள் குறையும். லித்தியத்தில் 80 விழுக்காட்டைத் தயங்காமல் எடுக்கலாம் என்பதால், எண்ணில் சிறியதான 100 ஏஎச்சே கூடுதலாக உழைக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையும், முனைகளில் பூக்கும் உப்பைச் சுரண்டும் வேலையும் இல்லை.

ஆனால் என் பொறுமையைச் சோதிப்பது கேரவனின் பலகையில் பதிந்திருக்கும் பழைய முள் மீட்டர். ஈய பேட்டரி ஓய்வில் இருக்கும்போது 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. முள் இறங்க இறங்க நாமும் விளக்கை அணைத்து, ஃபிரிட்ஜை நிறுத்திச் சிக்கனம் பிடிப்போம். லித்தியத்திலோ பெரும்பகுதி மின்சாரம் தீரும்வரை 13.3க்கும் 12.9க்கும் இடையிலேயே வோல்ட் நிற்கிறது. லித்தியம் நிறைந்த பாஸ்பேட்டும் அதை இழந்த பாஸ்பேட்டும் மின்முனைக்குள் ஒருங்கே இருந்து, ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே வருவதால் வோல்ட் பெரிதாக மாறுவதில்லை. ஃபிரிட்ஜுக்கு இது வரப்பிரசாதம்; பார்க்கிற மனிதனுக்கு இம்சை. முள் பச்சைக் கட்டத்திலேயே சொகுசாகச் சாய்ந்திருக்க, கடைசியில் வோல்ட் சடாரென விழும்போது உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் சுற்று சொல்லாமல் கொள்ளாமல் இணைப்பைத் துண்டிக்கிறது. வாகமண் குளிரில், நள்ளிரவில், விளக்கு, பம்பு எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்துவிடும். விற்ற கடைக்காரர், "மீட்டர் காட்டுற வரைக்கும் ஓட்டுங்க சார்" என்றார். அது எதையும் காட்டுவதில்லை என்பதுதானே ஐயா என் புகார்.

இதற்கு மருந்து ஷண்ட் என்ற மின்னோட்ட அளவி. எதிர்முனைக் கம்பியில் அதைப் பொருத்தி, உள்ளே வந்த ஆம்பியரையும் வெளியே போன ஆம்பியரையும் எண்ண வைக்க வேண்டும். அதுவும் சிறு கசிவுகளைச் சரியாக எண்ணாமல் நாளடைவில் கணக்குத் தவறும். அவ்வப்போது முழுமையாகச் சார்ஜ் ஏற்றினால்தான் மறுபடி நேராகும். முழுமையாக ஏற்றவோ 14.2 முதல் 14.6 வோல்ட் தேவை. கேரவனோடு வந்த ஈயக் காலத்துச் சார்ஜர் 13.8இலேயே நின்றுவிடுவதால் அதையும் மாற்ற நேர்ந்தது. ஜீப் இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து நேரடியாக இணைத்தால் லித்தியம் அளவின்றி மின்னோட்டம் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும் என்பதால், இழுவையைக் கட்டுப்படுத்த இடையில் ஒரு டிசி–டிசி சார்ஜரும் வந்து சேர்ந்தது. பேட்டரியின் விலை என்று கடையில் சொன்னது முன்பணம் மட்டுமே என்பது இந்த ரசீதுகளை அடுக்கிப் பார்க்கும்போது புரிகிறது.

கூட்டிக் கழித்தால் லித்தியமே சிறந்தது. என் வண்டியிலிருந்து அதைக் கழற்றப் போவதுமில்லை. இருந்தும் நண்பருக்கு ஈயத்தையே வாங்கச் சொல்லி எழுதினேன். அவருடைய கேரவன் பெரும்பாலும் வீட்டு வாசலில் சார்ஜரோடு நிற்கிறது என்பது ஒரு காரணம். ஷண்டுக்குப் பணம் கட்டியது இந்த வாரம்தான் என்பது இன்னொன்று. ஈய பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் பெட்டிக்கு வெளிப்புறக் காற்றுத்துளை கட்டாயம் வேண்டும். என் பேச்சைக் கேளாமல் அவர் லித்தியமே வாங்குவதானால், உறைபனி விழும் ஜனவரி மூணாறுக்கு வண்டியை ஏற்றுமுன், 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏறுவதைத் தடுக்கும் பிஎம்எஸ் உள்ளதா என்று கடையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.